சம்பந்திகள் தூங்கிப்போன ரயில்

கண்ணாடிக்கடை அம்மாளுக்கு அந்தப் பயணத்தில் துளியும் இஷ்டமில்லை. கடலைப் பிடிக்காது என்றில்லை. கூட வருகிறவரைத்தான் பிடிக்காது. கூட வருகிறவர் அவளுடைய சம்பந்தி, அதாவது மகளின் மாமியார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்த பிறகும் குரல் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டதால், "விசில் டீச்சர்" என்றே இன்னும் எல்லோரும் சொல்வார்கள்.

இருவரையும் சேர்த்து அனுப்பும் யோசனை மாப்பிள்ளையுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அம்மாவும் மாமியாரும் ஒரு கப் டீ ஆறுகிற நேரத்துக்கு மேல் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. "ஒரு வாரம் ஒண்ணா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்று அவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் தீவிலேயே பேர்போன கடற்கரையில், வருஷா வருஷம் காலண்டரில் படமாக வருகிற கடற்கரை அது, பெரிய ஓட்டலில் அறை பிடித்து, ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.

"நான் போயிட்டா கடையை யார் பாக்கறது?" என்று கண்ணாடிக்கடை அம்மாள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா போயிட்டு வா" என்றார் கணவர். சொன்ன வேகமும் முகத்தில் வந்த வெளிச்சமும் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திடீரென்று மழை விடுமுறை கிடைத்த பையன் மாதிரி இருந்தார் மனுஷர்.

அவளுக்கு டீச்சர் மேல் இருந்த மனத்தாங்கல் ஒரு போட்டோவினால் வந்தது. கல்யாணத்தன்று "குடும்பம் மட்டும் வாங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டபோது அவள் பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வருவதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் படம்தான் பெரிதாக்கப்பட்டு மகள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. நடுவில் டீச்சர், போலீஸ் அதிகாரி மாதிரி கேமராவை முறைத்துக்கொண்டு. பெண்ணைப் பெற்றவளைக் காணோம். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டுகிற நாற்காலியில்தான் அவள் உட்காருவாள். இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

ரயிலில் இரண்டு பேரும் மரியாதையாலேயே ஒருவரை ஒருவர் சாகடித்தார்கள்.

"ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க சம்பந்தி."

"ஐயோ, வேண்டாங்க, நீங்க உக்காருங்க."

கடைசியில் ஜன்னல் சீட் காலியாகவே இருந்தது. நடுவில் ஒரு ஜங்ஷனில் இறங்கி வேறு ரயில் மாறவேண்டும். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்ததும் டீச்சர் சொன்னார்: "நீங்க ஒரு கண்ணு அசருங்க. ஜங்ஷன் வந்தா நான் எழுப்பறேன்."

"பரவாயில்லைங்க, நீங்க தூங்குங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள்.

அவர் பார்த்துக்கொள்வார் என்று இவளும், இவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும் நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள்.

கண் விழித்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் வேறு ஆளே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் மீன் கூடைகள் அடுக்கியிருந்தன. தண்டவாளம் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. மண்மேட்டுக்கு அந்தப்பக்கம் நீலமாக ஏதோ அசைந்தது.

"இது ஜங்ஷனா?" என்று அவள் கீழே நின்ற ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டாள்.

"ஜங்ஷன் எப்பவோ போயிடுச்சும்மா. இதுக்கு மேல தண்டவாளமே கிடையாது. கடல்தான்" என்றார் அவர், தாமே குற்றம் செய்தவர் போல. "திரும்பிப் போற ரயில் நாளைக்குக் காலைலதான்."

சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் பழி போடுவது என்று ஒரு நிமிஷம் மௌனமாகப் போட்டி நடந்தது.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே" என்றார் டீச்சர்.

"நீங்க எழுப்பறேன்னு சொன்னீங்களே" என்றாள் இவள்.

வெளியே ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ஆட்டோக்காரர் பெட்டிகளைப் பார்த்ததும் திகைத்துப்போனார். அந்த ஸ்டேஷனில் பெட்டியோடு யாராவது இறங்கி அவர் பார்த்ததில்லையாம். "தப்பான ஊருக்கு வந்துட்டீங்கம்மா. இங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்று வருத்தப்பட்டுக்கொண்டே வண்டியில் ஏற்றி, தன் அக்கா நடத்தும் லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். லாட்ஜ் என்றால் ஐஸ் பேக்டரிக்கு மேலே இரண்டு அறை. கீழே படகுகளுக்கு ஐஸ்கட்டி உடைக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி தரை வழியாக ஏறி வருகிறது. செருப்பைக் கழற்றி வைத்த கண்ணாடிக்கடை அம்மாளுக்கு உள்ளங்கால் வழியாக உச்சி வரை சிலிர்த்தது. மின்விசிறியே தேவைப்படவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் தன்னையறியாமல்.

"ம்" என்றார் டீச்சர். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், "பக்கத்துல காலாற நடக்கற மாதிரி ஏதாவது இடம் இருக்கா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டார் டீச்சர்.

"என்னம்மா இருக்கு இங்க? ஒண்ணுமில்லை. தண்ணி வடியற நேரம், மணல் திட்டுதான் தெரியும். அதைப் போய் யாரு பாப்பா?" என்று அலுத்துக்கொண்டே கொண்டுபோய் விட்டார்.

கடற்கரையில் இறங்கியதும் கண்ணாடிக்கடை அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். கடல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, நடுவில் வெள்ளை மணலில் ஒரு பாதை விட்டிருந்தது. ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். வளைந்து வளைந்து போய், தூரத்தில் தென்னைகள் அடர்ந்த ஒரு குட்டித் தீவில் முடிந்தது. இரண்டு பக்கமும் அலை வந்து பாதையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியது.

"இதுவா ஒண்ணுமில்லை?" என்று டீச்சர் ஆட்டோக்காரரை அதட்டினார்.

"சின்ன வயசுல இருந்து இதுலதானேம்மா நடக்கறோம்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அணிவகுப்புக்குப் போகிறவர் மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்கடை அம்மாள் பின்னாலேயே போனாள். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் ஊர் எங்கோ இருந்தது. சுற்றிலும் தண்ணீர். நடுக்கடலில், அதுவும் சம்பந்தியோடு, நின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கு சிரிக்கறீங்க?"

"இல்ல... நம்ம பசங்க இப்ப நம்மளைப் பாக்கணும்."

டீச்சரும் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள் என்று கரையிலிருந்து ஆட்டோக்காரர் துண்டை ஆட்டி ஆட்டிக் கத்தியபோதுதான் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

மறுநாள் காலை ரயிலைப் பிடித்தாகவேண்டும் என்று இருவரும் பொறுப்பாகப் பெட்டியைக் கட்டினார்கள். ஆட்டோவில் ஏறிய பிறகு ஆட்டோக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு ஏரி இருக்கிறது, இப்போது எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றன, சனியன்கள் போடும் சத்தத்தில் தூங்கவே முடியவில்லை.

"எட்டிப் பாத்துட்டுப் போயிடலாமே" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள்.

ஏரியில் தண்ணீரே தெரியவில்லை. அத்தனை பறவை. நீளமான கால்களோடு, ரோஜா நிறத்தில், கூட்டம் கூட்டமாக நின்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தன. கடையில் தினமும் அடுத்தவர் கண்ணைச் சோதித்து, "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கேட்டே பழகியவள், தன் கண்ணுக்கு இப்படி ஒன்றைக் காட்டி எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். திடீரென்று என்ன தோன்றியதோ, கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பியது. றெக்கைக்கு அடியில் அத்தனை சிவப்பு ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது? டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். பிடித்த கையை விடவும் மறந்துபோனார்.

பறவைகளைக் கிளப்பிவிட்டது ரயில்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஏரிக்கு அந்தப்பக்கம் அது நிதானமாகக் கூவிக்கொண்டு போனது.

"நம்ம ரயில்!" என்றார் ஆட்டோக்காரர் பதறி.

விசில் டீச்சர் வாழ்நாளில் ரயிலைத் தவறவிட்டதில்லை. மணி அடித்த பிறகு மைதானத்துக்கு வந்த பிள்ளைகளை மன்னித்ததுமில்லை. அவர் ரயிலைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி அதற்கு டாட்டா காட்டினார். கண்ணாடிக்கடை அம்மாளும் காட்டினாள்.

அன்று மதியம் மகள் போன் செய்தாள். ஐஸ் பேக்டரி மாடியில் இருவரும் வறுத்த மீனும் சோறுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, ஓட்டல் எப்படி இருக்கு?"

கண்ணாடிக்கடை அம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மும்முரமாக மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"குளுகுளுன்னு இருக்குடி."

"கடல்?"

"பக்கத்துலதான்."

"நீச்சல்குளம் பாத்தீங்களா?"

"அது... இன்னும் பாக்கல. நாளைக்குப் பாக்கலாம்னு அத்தை சொன்னாங்க."

"அம்மா" என்றாள் மகள். குரல் நடுங்கியது. "ஓட்டல்லேருந்து இப்பதான் போன் பண்ணாங்க. நீங்க வந்து சேரவே இல்லையாம். எங்கே இருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க. சண்டை போட்டுக்கிட்டீங்களா?"

டீச்சர் கையை நீட்டிப் போனை வாங்கினார். "அழாதே. உங்க அம்மா பத்திரமா இருக்கா. நாங்க வேற ஊருக்கு வந்துட்டோம். எந்த ஊரா? கடைசி ஊரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அது இன்னும் பயத்தைக் கிளப்பும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

நீச்சல்குளம் என்ற பேச்சு வந்தது நல்லதாயிற்று. சாப்பாடு போட்ட லாட்ஜ்கார அக்கா, "நீங்க குளிக்கணும்னா பாறைக்குளம் இருக்கே" என்றாள். கரையோரம் ஓரிடத்தில் பாறைகள் அரைவட்டமாக வளைந்து கடலை வளைத்துப் பிடித்திருக்கின்றன. அலையெல்லாம் வெளியிலேயே மோதி உடைந்துவிடும். உள்ளே தண்ணீர் கிண்ணத்தில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த ஊர்ப் பெண்கள் மதியத்தில் வேலை முடித்து அங்கேதான் போவார்களாம்.

டீச்சர் கரையில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். அடுத்த கணம் ஆளைக் காணோம். கண்ணாடிக்கடை அம்மாள் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். குளத்தின் அந்தக் கோடியில் நரைத்த தலை ஒன்று எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி! சொர்க்கம்!" என்று கூவியது.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"நான் எதுக்கு இருக்கேன்?"

கழுத்தளவு தண்ணீரில் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார் டீச்சர். கண்ணாடிக்கடை அம்மாள் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள். காதுக்குள் தண்ணீர் முணுமுணுவென்று ஏதோ பேசியது.

"உடம்பை விட்டுடுங்க. கடல் தாங்கிக்கும்."

"நீங்க கையை எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டேன்."

"போட்டோவுல விட்ட மாதிரி விட்டுட மாட்டீங்களே?"

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் பத்திரமாகப் பூட்டி வைத்தது, பிடிமானம் இல்லாத இடத்தில் நழுவி விழுந்துவிட்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வேறெங்கே பார்ப்பது?

"எந்தப் போட்டோ?" என்றார் டீச்சர்.

அவள் சொன்னாள். இலை, பந்தி, ஓடி வந்தது, ஹாலில் தொங்கும் படம், முதுகு காட்டும் நாற்காலி வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார் டீச்சர். விசில் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "அன்னிக்கு யாரு பக்கத்துல நின்னா, யாரு நிக்கலன்னே எனக்குத் தெரியாது. பையனோட அப்பா போனதுக்கப்புறம் அவனும் நானும் மட்டும்தானே. இனிமே வீட்டுல நான் மட்டும்னு அந்த மேடையில வச்சுத்தான் உறைச்சுது. அழுகை முட்டிக்கிட்டு வருது. இத்தனை பேர் முன்னாடி விசில் டீச்சர் அழுதான்னு ஆயிடக்கூடாதுன்னு கேமராவை முறைச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் படத்தை எனக்கும் பாக்கப் பிடிக்காது. பிசாசு மாதிரி இருப்பேன்."

இந்த மனுஷியை எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபடி கண்ணாடிக்கடை அம்மாள் தலையைத் திருப்பினாள். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளாலும்.

"அப்போ என்னை யாரு பிடிச்சிருக்கா?" என்று அலறிய அதே நொடியில் அவள் மூழ்கினாள்.

டீச்சர் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியபோது மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர். இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவளால் பேச முடியவில்லை. "மிதந்தீங்க சம்பந்தி! அவ்வளவு நேரம் தனியா மிதந்தீங்க!" என்று டீச்சர் முதுகில் தட்டிக்கொண்டே கத்தினார். குளத்தில் இருந்த ஊர்ப் பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

அப்புறம் அவளைத் தண்ணீரை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மறுநாள் காலையும் போனாள். கைகளை விரித்துப் போட்டு, கண்ணை மூடி, தன் பாட்டுக்கு மிதந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் தன் உடம்பு எடையே இல்லாமல் போனதை அவளால் நம்பவே முடியவில்லை.

அப்படி மிதந்துகொண்டிருந்தபோதுதான், "அம்மா!" என்று கரையிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

மகளும் மாப்பிள்ளையும் பாறைமேல் நின்றார்கள். கசங்கிய சட்டையும் கலங்கிய கண்களுமாக, அம்மாக்கள் ஏறிய ரயில் போய் நிற்கும் கடைசி ஊர் எது என்று விசாரித்து, கிடைத்த ரயிலைப் பிடித்து ஓடி வந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அம்மாக்களுக்குள் என்ன அடிதடியோ, யார் யாரைச் சமாதானப்படுத்துவது என்று வழியெல்லாம் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள், வாயைப் பிளந்து நின்றார்கள்.

"அத்தை, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் மாப்பிள்ளை.

"மிதக்கத் தெரியும்" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"அந்த ஓட்டல்ல ரூம் கிடைக்கறதுக்கு நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமாம்மா?" என்று அவன் தன் தாயிடம் முறையிட்டான்.

"தெரியும்டா கண்ணு. சட்டையைக் கழட்டிட்டு இறங்கு" என்றார் டீச்சர்.

அதற்கு மேல் அவனால் கோபமாக இருக்க முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் அம்மாக்கள் வழிகாட்டிகளாக மாறிவிட்டார்கள். மணல் பாதையில் நடத்திக் கூட்டிப்போனார்கள், ஏரிக்கரையில் பேசக்கூடாது என்று அதட்டி உட்காரவைத்தார்கள். கடலோரத்தில் ஒரு பாறைப் பொந்து இருந்தது. அலை உள்ளே புகுந்தால் மேலே ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளையை நிற்கவைத்து, விஷயத்தைச் சொல்லாமல் இருவரும் காத்திருந்தார்கள். அவன் தொப்பலாக நனைந்து துள்ளியபோது சம்பந்திகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரருக்கும் புரையேறியது. இவ்வளவு நாள் தன் ஊரில் இருந்ததை இவர்கள் வந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மகளுக்குத்தான் அதிசயம் தாங்கவில்லை. "எங்க வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்க. இங்க என்னதான் நடந்துச்சு?" என்று தனியாக இருக்கும்போது அம்மாவைக் கிள்ளினாள்.

"தூங்கிட்டோம்டி, வேறென்ன" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள்.

கிளம்புகிற காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறைக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார். ரயில் வெளியே புறப்படத் தயாராக நின்றது. சுவரில் தீவின் ரயில்பாதை வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. டீச்சர் டீயை உறிஞ்சிக்கொண்டே அதன் அருகில் போய் நின்றார். தலைநகரிலிருந்து கோடுகள் நாலாபக்கமும் பிரிந்து ஓடின.

"சம்பந்தி, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டார். "இதைப் பாருங்க. எந்தக் கோட்டைப் பிடிச்சுப் போனாலும் கடைசியில கடல்லதான் முட்டுது."

கண்ணாடிக்கடை அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தாள். ஆமாம். தீவு அல்லவா? ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு குட்டிப் பெயர். அவள் கேட்டறியாத பெயர்கள்.

"அப்போ இதுக்கு?" என்று கிழக்கே போகிற கோட்டின் நுனியில் விரலை வைத்தாள். "இங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல, உப்பளம் இருக்கு. அப்புறம் ஒரு பழைய கலங்கரை விளக்கம். மேல ஏறலாம். ஆனா யாரும் ஏறறதில்லை" என்று அவர் இழுத்தார்.

"அடுத்து அங்கதான்" என்றார் டீச்சர்.

"வடக்குதான் முதல்ல. வடக்கே பாருங்க, காட்டுக்குள்ள பூந்து போகுது பாதை" என்றாள் கண்ணாடிக்கடை அம்மாள்.

"கிழக்கு."

"வடக்குங்கறேன்!"

"ரெண்டு பேரும் சேர்ந்து போறதுன்னு முடிவே பண்ணியாச்சா?" என்றான் மாப்பிள்ளை. ஸ்டேஷன் மாஸ்டரும் சர்ச்சையில் இறங்கிவிட்டார். வடக்கு முனையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருப்பவர் தன்னோடு பயிற்சி எடுத்தவர், சமையலில் கெட்டிக்காரர், அங்கே போவதே நல்லது என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். ஆட்டோக்காரர் வாசலில் நின்றபடி கிழக்குக்கு ஓட்டுப் போட்டார்.

பிளாட்பாரத்திலிருந்து ரயில் கார்டு தலையை நீட்டினார். "சார், நேரமாச்சு. கொடியை யாரு காட்டறது?"

"ஐயையோ" என்று ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைத் தேடினார். அது டீ டம்ளருக்கு அடியில் ஈரமாகக் கிடந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கு இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களை முந்திக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகியபடி, "வடக்கு!" "கிழக்கு!" என்று கத்திக்கொண்டே சம்பந்திகள் இருவரும் ஓடினார்கள்.